மூச்சை அடக்க மறந்தேன்

செவ்வாய், இரவு

தொண்டையில் குழாய் போட்டவருக்குச் சளி உறிஞ்சும்போது நர்சும் மூச்சை அடக்க வேண்டும். நமக்கு முட்டினால் அவருக்கும் முட்டும், உறிஞ்சு குழாயை உடனே எடுத்துவிடு என்று படிக்கும்போதே சொல்லிக்கொடுத்தார்கள். பத்து வருடமாக அப்படித்தான் செய்கிறேன்.

இன்று காலை வாலாஜாபாத் முனுசாமிக்கு உறிஞ்சும்போது பக்கத்துக் கட்டில்காரர், "இன்னா சிஸ்டர், டாக்டரு எப்ப வருவாரு?" என்றார். அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே உறிஞ்சினேன். பேசுகிறவளுக்கு மூச்சு எங்கே முட்டும்? திரும்பிப் பார்த்தால் முனுசாமியின் உதடு நீலமாகியிருந்தது. ஆக்சிஜன் வைத்தோம், நெஞ்சை அழுத்தினோம். மதியம் போய்விட்டார்.

அவர் மனைவி கன்னியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "மூணு வாரமா பெத்த பொண்ணு கணக்கா பாத்துக்கினியேம்மா!"

அப்போது மட்டும் எனக்குப் பேச்சு வரவில்லை.