கோபியின் பச்சைக் கிற்றார்

கோபிக்குஞ்சு,

இப்படிக் கூப்பிட்டால் உனக்குக் கோபம் வரும் என்று தெரியும். மீசை அரும்பிய நாளிலிருந்து, "அக்கா, ஆக்களுக்கு முன்னால குஞ்சு கிஞ்சு எண்டு கூப்பிடாத" என்று என்னோடு எத்தனை சண்டை பிடித்திருப்பாய். இப்போது ஆட்களுக்கு முன்னால்தான் கூப்பிடுகிறேன். இந்தக் கடிதத்தை யார் யாரோ படிக்கப் போகிறார்கள். வந்து சண்டை பிடி, பார்க்கலாம்.

ஒரு செய்தி சொல்லத்தான் எழுதுகிறேன். உன் கிற்றாரைச் செய்து முடித்துவிட்டோம்.

காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு அது என் தையல் அறை மூலையில் துண்டு துண்டாகக் கிடந்தது. நீ அறுத்து வைத்த நடுப்பலகை ஒரு பக்கம். உடைந்த பழைய கிற்றார் ஒன்றிலிருந்து கழற்றிய கழுத்து இன்னொரு பக்கம். அப்பா காலத்து ரேடியோவிலிருந்து பிடுங்கிய, சத்தம் கூட்டிக் குறைக்கிற வெள்ளைக் குமிழ்கள் ஒரு சவர்க்காரப் பெட்டிக்குள். தைக்கக் கொடுக்க வருகிற பெண்கள் "இது என்ன?" என்று கேட்டால் அம்மா எழும்பிக் குசினிக்குள் போய்விடுவார். பதில் சொல்வது நான்தான்.

பிறந்தது இந்தக் காலத்தில், ஆசை முழுக்க அந்தக் காலத்தில் உனக்கு. போனில் ஒரு பழைய கிற்றாரின் படத்தைக் காட்டினாய். வெளிறிய பச்சை உடம்பு, அதன்மேல் வெள்ளைத் தகடு, பெரிய பெரிய குமிழ்கள். பழைய ஃபிரிஜ் ஒன்றுக்குக் கழுத்து முளைத்த மாதிரி இருக்கிறதே என்று சிரித்தேன். "புதுசு எல்லாரிட்டயும் கிடக்கு அக்கா. எனக்குப் பழசைப் புதுசா செய்யணும்" என்றாய். எரிந்த மோட்டருக்குக் கம்பி சுற்றுவது உன் தொழில். தந்தியின் ஆட்டத்தைச் சத்தமாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவதும் காந்தத்தில் சுற்றிய ஒரு கம்பிச் சுருள்தான் என்று தெரிந்ததும் உன்னைப் பிடிக்க முடியவில்லை.

காந்தத்துக்கு என் அலுமாரிக் கதவுதான் உனக்கு அகப்பட்டது. அந்தக் கதவு இன்றைக்கும் மூடுவதில்லை, தெரியுமா? கம்பிக்கு எங்கிருந்தோ ஒரு கருகிய சின்ன டிரான்ஸ்போமரைக் கொண்டுவந்து பிரித்தாய். தலைமயிரை விட மெல்லிய செப்புக் கம்பி. நீ வேலை செய்த கடையில் இருக்கிற மெசின் அதற்கு முரடு என்று, என் தையல் மெசினில் நூல் சுற்றுகிற முனையிலேயே சுருளைப் பொருத்தினாய். நான் காலால் மிதிக்க, நீ கம்பியை விரல் நுனியில் ஓட விட்டாய். "மெல்ல அக்கா, மெல்ல! சாறிக்கு ஓரம் அடிக்கிற மாதிரி மிதிக்காத!" கம்பி அறுந்தது. திரும்பத் தொடங்கினோம், திரும்பவும் அறுந்தது. கடைசியில் அறாமல் முடிந்த அன்று என்னிடம் சிவப்பு நூல் வாங்கிச் சுருளின் மேல் சுற்றிக் கட்டினாய். "ஏண்டா, அதுக்குக் குளிருமா?" என்று கேட்டேன். நீ சிரித்த சிரிப்பு அந்த அறையில்தான் இருக்கிறது.

பிறகு டெங்கு வந்தது. வார்ட்டில் பார்வை நேரம் முழுவதும் அம்மா உன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டிருந்தார். கை இருக்கும்வரை நீ பேசாமல் கிடந்தாய். நேரம் முடிந்து கையை எடுத்ததும் மெல்ல முனகி அனுங்கினாய். திரும்ப வைத்தார், அடங்கினாய். எடுத்தார், அனுங்கினாய். வெளியே போகச் சொன்னார்கள், போகத்தானே வேண்டும். அதற்குப் பிறகு உன் சத்தத்தை நாங்கள் கேட்கவில்லை. அம்மா இதைப் பற்றி யாரிடமும் வாய் திறப்பதில்லை. ஆனால் தனியே இருக்கும்போது வலது கையை விரித்துப் பார்க்கிறார், பிறகு மடக்கிக்கொள்கிறார். அந்தக் கை என்ன குற்றம் செய்தது, நீயே சொல்லு?

கிற்றாரைக் கையில் எடுத்தது என் கணவர், உன் அத்தான். வாவிக்கரையில் ஃபைபர் தோணி செய்கிறவருக்குப் பேச்சு குறைவு என்று உனக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ காட்போட் அட்டையில் வெட்டி வைத்த உருவத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தபடி, "உடம்பை நான் செய்து தாறன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். தோணிக்குப் போடுகிற சாயத்தில் பச்சையோடு வெள்ளையும் ஒரு சொட்டு மஞ்சளும் கலந்து, நீ ஆசைப்பட்ட அந்த வெளிறல் நிறத்தைக் கொண்டுவந்துவிட்டார். மேலே வைக்கிற வெள்ளைத் தகட்டைப் பழைய குசினி மேசையிலிருந்து வெட்டினார். நடுப்பலகையையும் உன் சுருளையும் உள்ளே வைத்து, இரண்டு பாதியாகச் செய்த ஃபைபர் ஓடுகளை ஒன்றாக ஒட்டிக் கொண்டுவந்தார். அவ்வளவு அழகு, கோபி. அந்தப் படத்தில் இருந்ததே திண்ணென்று கைக்குள் வந்த மாதிரி இருந்தது.

ஆனால் தோணி செய்கிற கைக்கு ஓட்டையைக் கண்டால் பொறுக்காதே. உள்ளே இருக்கிற கம்பிகளைத் தொடுவதற்கென்று முதுகில் நீ ஒரு வாசல் வரைந்திருந்தாய். அதையும் ஃபைபர் வைத்து அடைத்து, தேய்த்து, தடம் தெரியாமல் மினுக்கியிருந்தார். "ஒரு சொட்டுத் தண்ணி உள்ளுக்குப் போகாது" என்று வேறு பெருமை.

"ஏன், ஆத்துல விடப் போறீங்களா?" என்று கேட்டேன். அப்போதுதான் அவருக்கே விளங்கியது. பாவம், முகம் செத்துப்போய்விட்டது.

ஸ்பீக்கர் பெட்டியோடு பொருத்தினோம். தந்தியைத் தட்டினால் ஒரு சத்தமும் இல்லை. உன் கடை முதலாளி கரண்ட் ஓட்டம் பார்க்கிற மீற்றரோடு வந்து வெளியிலிருந்து பார்த்தார், ஊசி அசையவில்லை. ஒன்று உள்ளே கம்பியை ஈயம் வைத்துப் பற்றிய இடம் விட்டிருக்கும், இல்லையென்றால் சுருளே அறுந்திருக்கும் என்றார். திறந்தால்தான் தெரியும், திறக்கிற ஆட்டத்திலேயே நல்ல சுருளும் அறுந்து போகலாம். "ஒண்டுக்கும் யோசிக்காதீங்க, கடையில புதுச் சுருள் வாங்கிப் போடலாம்" என்றார். நல்ல மனிதர், ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஆனால் புதுச் சுருள் போட்டால் அது யாருடைய கிற்றார்? மற்றதெல்லாம் நீ ஆசைப்பட்டது. அந்தச் சுருள் ஒன்றுதான் உன் கையால் முடித்தது.

அம்மா திறக்கவே விடவில்லை. "வேணாம் மகன்" என்று அத்தானிடம் சொன்னார். "அறுந்து கிடந்தா மறுகா என்ன செய்யிற? தெரியாமலே இருக்கட்டும். சும்மா சுவரில மாட்டி வைங்க." மாட்டி வைத்தோம். பார்க்கிறவர்கள் வடிவாக இருக்கிறது என்றார்கள். ஊமைப் பிள்ளையைப் பார்த்துச் சொல்வது போல எனக்கு இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் பழுகாமத்திலிருந்து ஒரு வயல்காரர் நம் வீடு தேடி வந்தார். கடைக்குப் போயிருக்கிறார், உன் செய்தியை அங்கேதான் கேட்டிருக்கிறார். வாசலில் நின்றபடியே அம்மாவிடம் சொன்னார்: "உங்கட மகன் சுத்தித் தந்த மோட்டர் தங்கச்சி, இன்னும் ஒரு நாளும் நிக்கல்ல. வட்டை வயல் முழுக்க அதாலதான் தண்ணி பாயுது. அந்தத் தம்பிக்குச் சொல்லிட்டுப் போவம் எண்டுதான் கடைக்குப் போனன்." தேத்தண்ணீர் கூடக் குடிக்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அம்மா அவர் போன பாதையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே வந்து, தானே சுவரிலிருந்து கிற்றாரை இறக்கி என் மெசின் மேசையில் வைத்தார். "அவன் சுத்தினது அறாது. திறவுங்க மகன், நான் பிடிக்கிறன்" என்றார்.

அம்மா அழுத்திப் பிடிக்க, அத்தான் வாள் அலகைக் கையில் பிடித்து, சத்தம் வராமல் நோகாமல் முதுகை அறுத்தார். பச்சைத் தூள் அம்மாவின் கையெல்லாம் படிந்தது. துண்டு கழன்று வந்தபோது முதலில் தெரிந்தது என் சிவப்பு நூல். நீ கட்டிய முடிச்சு அப்படியே இருந்தது. ஓடுகளை ஒட்டும்போது இழுபட்டு, ஈயம் பற்றிய இடம் விட்டிருந்தது, அவ்வளவுதான். முதலாளி விட்டுப்போயிருந்த மீற்றரை அத்தான் சுருளில் வைத்தார். ஊசி துள்ளியது. "நான் சொல்லல்லயா?" என்றார் அம்மா.

விட்ட இடத்தில் ஈயம் பற்றவைத்து, ஸ்பீக்கர் பெட்டியைப் போட்டதும் ஒரு சத்தம் வந்தது. தந்தியை யாரும் தொடவில்லை. ம்ம்ம் என்று விடாமல் ஒரு முனகல். அத்தான் எங்கேயோ பிழை என்று பதறினார். இந்த மாதிரிச் சுருள் இரையத்தான் செய்யும், தந்தியில் கை பட்டால் குறையும் என்று உன் முதலாளி பிறகுதான் சொன்னார். அப்போது எங்களுக்கு என்ன தெரியும்? அம்மா கையை நீட்டித் தந்திகளின் மேல் வைத்தார். சத்தம் அடங்கியது. திடுக்கிட்டுக் கையை எடுத்தார். ம்ம்ம்.

"அனுங்குறான்" என்றார் அம்மா.

திரும்ப வைத்தார். அடங்கியது. கதிரையை இழுத்து உட்கார்ந்துகொண்டார், பிறகு கையை எடுக்கவே இல்லை. அடுப்பில் சோறு குழைந்தது, ஒருவரும் எழும்பவில்லை. எடுங்கள் என்று எந்த வாயால் சொல்வது? நான்தான் கிட்டப் போய், கிற்றாரில் பொருத்தியிருந்த அப்பாவின் அந்த ரேடியோக் குமிழைத் திருகிச் சத்தத்தைக் கடைசிவரை குறைத்தேன். "இப்ப எடுங்கம்மா" என்றேன். ஒவ்வொரு விரலாக எடுத்தார். ஒரு சத்தமும் வரவில்லை. அன்றைக்குத்தான் அம்மா வாய்விட்டு அழுதார். நீ போன பிறகு அதுவரை அழவில்லை, கோபி.

இப்போது முதுகுக்கு அத்தான் ஆணி திருகிய மூடி போட்டிருக்கிறார், எப்போதும் திறக்கலாம். இந்த வீட்டில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது. உனக்கே எத்தனை பாட்டு தெரியும் என்று நான் கேட்டதில்லை. எதை முதலில் வாசிக்க நினைத்திருந்தாய்?

பின்னேரங்களில் அம்மா என்னைப் பார்ப்பார், நான் பெட்டியைப் போடுவேன். அவர் கை வைத்துக்கொண்டு கொஞ்சம் இருப்பார். உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், குஞ்சு. குமிழுக்குப் பக்கத்தில் எப்போதும் நான் இருப்பேன். நீ நன்றாக அடங்கித் தூங்கிய பிறகுதான் அம்மாவைக் கையெடுக்க விடுவேன். இனி ஒரு நாளும் நீ அனுங்குவதைக் கேட்டபடி அவர் எழும்பிப் போக மாட்டார். 

மெல்ல மிதிக்கப் பழகிவிட்ட,
உன் அக்கா