எட்டு தீர்ந்துபோன வாரம்

மார்ச் 4, செவ்வாய்

ஜெர்சிகளில் எண் ஒட்டும் என் கடைக்கு மதியம் கோச் வந்தார். பகலில் அவருக்கு நூலகத்தில் வேலை, சாயந்திரம் பெண்கள் கால்பந்து அணிக்குப் பயிற்சி. புத்தகங்களுக்கு எண் ஒட்டி ஒட்டி, மனிதர்களுக்கும் ஒட்டாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. புது சீசனுக்குப் பதினாறு ஜெர்சி. எந்த எண் யாருக்கு என்று பட்டியல் எழுதி வந்திருந்தார்.

எட்டு — குருவி.

மூன்று தடவை படித்தேன். குருவி புதிதாகச் சேர்ந்த பெண். எட்டு என் தங்கையுடையது, ஆறு வருஷமாக. ஜனவரியில் அவளுக்கு முட்டியில் ஆபரேஷன். இன்னும் ஊன்றுகோல்தான். மறுபடி ஆட முடியுமா என்று கேட்டால் டாக்டர் “பார்க்கலாம்” என்கிறார். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் முகத்தைப் பார்த்துவிட்டு கோச் சொன்னார்: “எட்டு ஆளோட நம்பர் இல்லம்மா, எடத்தோட நம்பர். ஒண்ணு கோல்கீப்பர், மூணு இடது பக்கம், எட்டு நடுவுல. அந்தக் காலத்துலேர்ந்தே அப்படித்தான்.”

நானும் ஊருக்கெல்லாம் சொல்பவள்தான் — எண் என்றால் ஸ்டிக்கர், மெஷினில் பதினைந்து நொடி அழுத்தினால் முடிந்தது, இதில் என்ன ராசி, என்ன பெருமை? பத்து வருஷமாக இதைத்தான் சொல்லிவருகிறேன். அப்புறம் ஏன் என் வாய் அப்படிச் சொன்னது?

“எட்டு தீர்ந்துபோச்சு சார்.”

என் முழங்காலுக்குப் பக்கத்து இழுப்பறையில் முழுதாக ஒரு கட்டு கிடந்தது.

மார்ச் 5, புதன்

கைப்பந்துக் குழுவின் ஜெர்சிகளைக் காலையிலேயே முடித்துக் கொடுத்தேன். பிறகு எட்டுகளை எடுத்து நான்குகளுக்கு அடியில் ஒளித்தேன். ஒரு பொய்க்கு எவ்வளவு வேலை!

கோச் போன் செய்தார். இரண்டு மூன்றை எதிரெதிராக ஒட்டினால் எட்டு வராதா என்று கேட்டார். “நண்டு மாதிரி இருக்கும் சார்” என்றேன். சரி, அந்த ஒரு ஜெர்சியை மட்டும் எண் இல்லாமல் கொடுங்கள் என்றுவிட்டார். பாவம், நல்ல மனுஷன்.

மார்ச் 7, வெள்ளி

தங்கை கேட்டாள். “என் எட்டு யாருக்குக்கா?”

“யாருக்கும் இல்ல.”

தட்டில் போட்டதையெல்லாம் சாப்பிட்டாள், ஆபரேஷனுக்குப் பிறகு முதல் முறையாக. இதற்காக இன்னும் நாலு பொய் சொல்லலாம்.

மார்ச் 9, ஞாயிறு

என்ன செய்து வைத்திருக்கிறேன் நான்!

இன்றைக்குப் போட்டி. குருவி எண் இல்லாத ஜெர்சியோடு இறங்கக் கூடாது என்று நடுவர் சொல்லிவிட்டார். நியாயம்தானே? இந்தத் தொழிலில் இருந்துகொண்டு எனக்கு இது தோன்றாமல் போனதே. “கடையில எட்டு தீர்ந்துபோச்சாம்” என்று கோச் முதலுதவிப் பெட்டியைத் திறந்து, வெள்ளை பிளாஸ்திரியால் குருவியின் முதுகில் ஒரு கோணல் எட்டு போட்டார். தங்கை என் பக்கத்தில் ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “நல்லா ஆடுறா” என்றாள் குருவியைப் பார்த்து. கொஞ்சம் கழித்து இன்னொரு முறையும் சொன்னாள்.

இடைவேளைக்குப் பிறகு தூறல். இடப்பக்கத்து பிளாஸ்திரி இரண்டும் உரிந்து விழுந்து, எட்டு மூன்றாகிவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. குருவி ஒருத்தியின் காலைத் தட்டிவிட்டாள். மஞ்சள் அட்டை. நடுவர் முதுகைப் பார்த்து நோட்டில் ‘மூன்று’ என்று எழுதிக்கொண்டார். பத்து நிமிஷம் கழித்து நிஜமான மூன்றாம் எண் — வங்கியில் கேஷியராக இருக்கும் அக்கா — ஒருத்தியைச் சட்டையைப் பிடித்து இழுத்தார். நோட்டைப் பார்த்தால் மூன்றுக்கு இது இரண்டாவது மஞ்சள். சிவப்பு அட்டையை நீட்டிவிட்டார் நடுவர். கேஷியர் அக்கா கத்தினார், கோச் கெஞ்சினார், ஒன்றும் நடக்கவில்லை. மிச்சமிருந்த பத்துப் பேர் மூச்சு முட்ட ஓடியும் கடைசியில் ஒரு கோல் வாங்கித் தோற்றார்கள்.

அவர்களைத் தோற்கடித்தது நான். யாருக்கும் தெரியாது.

மார்ச் 10, திங்கள்

கடை திறக்கவில்லை. காய்ச்சல் என்று அட்டை மாட்டினேன். அதுவும் பொய்.

மார்ச் 11, செவ்வாய்

சொல்லிவிட்டேன். தங்கை நாற்காலியில் உட்கார்ந்து முட்டியை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். எதிரே தரையில் போய் உட்கார்ந்தேன்.

“எட்டு தீரல. ஒரு கட்டு கெடக்கு. நான்தான் ஒளிச்சு வெச்சிருக்கேன்.”

“தெரியும்.”

மாத்திரை டப்பாவைத் திறந்து காட்டினாள். உள்ளே இரண்டு குட்டி வெள்ளை வட்டங்கள். “போன புதன்கிழமை உன் சட்டைக் கையில ஒட்டியிருந்துச்சு. துவைக்கப் போடும்போது எடுத்தேன்.”

எண்ணை ஒட்டுமுன் அதன் உள்ளே இருக்கும் துண்டை உரித்துப் போட வேண்டும். ஆறுக்கும் ஒன்பதுக்கும் ஒரே துண்டு. எட்டுக்குத்தான் இரண்டு, மேலே சின்னது, கீழே பெரியது. கைப்பந்துக் குழுவுக்கு எட்டு ஒட்டியதை மறந்தே போயிருக்கிறேன்!

“தெரிஞ்சும் ஏன்டி சொல்லல?”

முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “பிடிச்சிருந்துச்சுக்கா. நான் இல்லாம அந்த நம்பர் காலியா கெடக்குன்னு. அவ முதுகுல பிளாஸ்திரி ஒட்டும்போதுகூட வாயத் தொறக்கல பாரு நான்.”

அழுதாள். ஆபரேஷன் அன்றுகூட அழாதவள். நானும்தான் —

எண்ணுக்கு அர்த்தமே இல்லையென்றால் நான் எதற்கு ஒளித்தேன், அவள் எதற்கு வாயை மூடிக்கொண்டிருந்தாள்? இனி எவரிடமும் வெறும் ஸ்டிக்கர் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைத் திட்டத் தொடங்கினாள். “கிழிஞ்சது முட்டிதான். நான் முழுசாத்தான் இருக்கேன். கண்ணாடிப் பாத்திரம் மாதிரி என்னைத் தாங்காதக்கா.” சரி என்றேன். அரை மணி நேரத்தில் “பார்த்து, மெதுவா நட” என்று சொல்லி மறுபடி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மார்ச் 12, புதன்

கோச்சிடம் இருவருமாகப் போய்ச் சொன்னோம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “புத்தகத்தை ஒளிச்சு வைக்கிறவங்களை நிறையப் பார்த்திருக்கேன். நம்பரை ஒளிச்சது நீங்கதான்மா முதல்ல.” சிவப்பு அட்டை பற்றிப் போட்டி நடத்துபவர்களுக்கு அவரே கடிதம் எழுதுகிறாராம். கேஷியர் அக்கா போனில் என்னை வறுத்தெடுத்தார். கடைசியில், “என் தங்கச்சியா இருந்தா நானும் இதத்தான் பண்ணியிருப்பேன், போ” என்று வைத்துவிட்டார்.

சாயந்திரம் குருவி கடைக்கு வந்தாள். எட்டை ஒட்டியது தங்கை. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, இரண்டு வட்டங்களையும் தானே உரித்து, இரண்டு கையாலும் மெஷினை அழுத்தினாள். சூடு ஆறும்வரை ஜெர்சியைக் கொடுக்கவில்லை.

“எட்டு போட்டா பந்து வந்ததும் குடுத்துடணும். வெச்சுக்கிட்டு நிக்கக் கூடாது.”

“சரிக்கா.”

அப்படிச் சொன்ன தங்கையே ஒரு நொடி ஜெர்சியை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு கொடுத்தாள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

தங்கை ஊன்றுகோல் இல்லாமல் கடைவரை வந்தாள். “மெதுவா” என்று வாய்வரை வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அக்டோபர் 9, வியாழன்

டாக்டர் “ஆடலாம்” என்றார். கோச்சிடமிருந்து ஒரே ஒரு ஜெர்சிக்கு ஆர்டர். பதினெட்டு போடட்டுமா, அதிலும் ஒரு எட்டு இருக்கிறதே என்று தங்கையிடம் கேட்டேன்.

“ஆறுதல் பரிசா? மிச்சம் என்ன இருக்கோ அதப் போடு.”

பதினாறுக்கு அடுத்து மிச்சம் இருந்தது பதினேழு. கோச் கணக்கில் அதற்கு மைதானத்தில் இடமே கிடையாது, பெஞ்சுதான். ஒன்றை ஒட்டி, ஏழையும் ஒட்டினேன். உரித்துப் போட உள்ளே ஒன்றும் இல்லாத எண்கள்.

அக்டோபர் 12, ஞாயிறு

கடைசி இருபது நிமிஷத்துக்குத் தங்கையை இறக்கினார்கள். குருவியை வெளியே எடுக்கவில்லை. எட்டும் பதினேழும் நடுவில், பக்கத்தில் பக்கத்தில்.

முதல் பந்தை குருவிதான் கொடுத்தாள். புல்லுக்கு வலிக்குமோ என்பதுபோல அவ்வளவு மெல்ல உருட்டிவிட்டாள். பந்து வந்து சேருவதற்குள் எதிரணிக்காரி பறித்துக்கொண்டு போய்விட்டாள்.

“மெதுவாக் குடுக்காதடி!” தங்கை போட்ட சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது.

அடுத்தது சுள்ளென்று வந்தது. அந்த முட்டி இருக்கிற காலாலேயே வாங்கினாள். நிற்கவில்லை, முன்னால் கொடுத்துவிட்டாள்.

பின்வரிசையில் யாரோ “உட்காரும்மா, மறைக்குது” என்றார்கள். எப்போது எழுந்து நின்றேன் என்று எனக்குத் தெரியவில்லை. உட்கார்ந்தேன்.