மேயர் அனுப்பிய சாயம்

வாப்பா,

உங்கள் குளியலறை அலமாரியை இன்றுதான் காலி செய்தேன். சவரக் கத்தி, பாதி தீர்ந்த அத்தர், அதற்குப் பின்னால் பிரிக்காத ஒரு தலைச்சாயப் பெட்டி. மேலே முழுக்கச் சீன எழுத்து, கறுகறுவென்ற முடியோடு சிரிக்கும் ஒருவரின் படம். ஓரத்தைக் கிழித்ததும் மூக்கைச் சுருக்க வைக்கும் அந்த வாடை வந்தது. விடுமுறைக் காலைகளில் துபாயில் நம் சத்வா வீடு முழுக்க இந்த வாடைதான் நிற்கும். நான் உங்களுக்குப் பின்னால் நின்று கண்ணாடி பிடிப்பேன். "பின்னாடி வெள்ளை தெரியுதாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பீர்கள்.

அனுப்பியவர் மேயர், சீனாவில் ஒரு நகரத்தின் மேயர். அவர் மாகாணத்தின் துணை ஆளுநரான பிறகும் உங்களுக்கு அவர் மேயர்தான். சீனாவில் மேடையில் உட்காரும் அதிகாரிகள் எல்லாரும் முடியைக் கறுப்பாக்கிக்கொள்வார்கள், நரை தெரிந்தால் ஆள் ஓய்வு பெற்றுவிட்டார் என்று அர்த்தம் என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் அவர் சொன்னாராம். இங்கேயும் நரைத்தவனுக்கு விசா அடிக்க யோசிக்கிறான் என்று நீங்கள் பதில் சொல்ல, இருவரும் சிரித்தீர்களாம். அதிலிருந்து வருடா வருடம் யார் கையிலாவது பெட்டி வரும். "சாயம் அனுப்புற மனுசன் ஒங்களுக்குக் கொஞ்சம் மூளையும் சேத்து அனுப்பப்படாதா" என்பாள் உம்மா.

நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடம் மேயரோடு உங்களுக்குப் பழக்கம் ஏற்பட்டது. தேராவில் கடை திறந்து ஒரு கண்டெய்னர் ஜிப் இறக்கியிருந்தீர்கள். ஜெபல் அலி கம்பெனிகளுக்கு யூனிஃபார்ம் தைக்கும் சத்வா தையற்காரர்கள் அதை வாங்கிப்போய், மறு வாரமே கல்லா மேல் கொண்டுவந்து கொட்டினார்கள். இழுத்து மூடும் ரன்னர் பாதி வழியில் நின்றுவிடுகிறது. விற்ற ஃபேக்டரி போனை எடுக்கவில்லை. நீங்கள் டிக்கெட் போட்டு, சீனாவில் அந்த ஃபேக்டரி இருந்த ஊருக்கே போனீர்கள். சந்தையைப் பார்வையிட வந்த மேயரின் வழியை மறித்து, பழுதான ஜிப்பை இழுத்துக் காட்டினீர்கள். நீங்கள் துபாய் திரும்புவதற்குள் அந்த ஃபேக்டரி பூட்டப்பட்டது. வேறொரு ஃபேக்டரி உங்களுக்கு முழுச் சரக்கையும் மாற்றிக் கொடுத்தது.

அன்று எடுத்த படம்தான் கடைச் சுவரில் தொங்கியது. நடுவில் மேயர். இடது பக்கம் புது ஜிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள். வலது பக்கம் உருண்டை முகத்தோடு மூன்றாவதாக ஒருவர். வாடிக்கையாளர் கேட்டால், "இவரு மேயர், இது நான்" என்பீர்கள். விடாமல் கேட்பவரிடம் மட்டும், "அவரு புதுச் சரக்கு குடுத்த சப்ளையர்."

மேயர் ஏற ஏற அந்தப் படமும் கனத்தது. பெரிய நகரத்துக்குப் போனார், கட்சியில் உயர்ந்தார், துணை ஆளுநரானார். வர்த்தகக் குழுவோடு துபாய் வந்தபோது பாதுகாவலர்களைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நம் கடைக்குள் நுழைந்து சமோசா தின்றார். அதன் பிறகு தேராவின் சீன ஏஜென்ட்கள் படத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்கள், கேட்காமலே சரக்கைக் கடனுக்குக் கொடுத்தார்கள். உங்கள் நடையே மாறியது, வாப்பா. நானும் அதை ரசித்தேன்.

பிறகு மேயரின் மைத்துனர் வந்தார். ஜெபல் அலி பக்கம் கடலைப் பார்த்த ஒரு ஃபிளாட். வாங்கிவிட்டார்கள், பத்திரத்தில் போட ஒரு பெயர் வேண்டும். உங்கள் பெயர்.

அந்த மாலையில் நான் மாகாண அரசின் செய்திப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தேன். எழுத்து புரியாவிட்டாலும் படங்கள் புரியும். ஒவ்வொரு கூட்டத்திலும் முன் வரிசையில் இருக்கும் மேயரைச் சில வாரங்களாக எந்தப் படத்திலும் காணவில்லை. அந்த நாட்டைப் பற்றி நான் படித்த அளவில், ஒரு முகம் இப்படி மறைந்தால் ஆளைப் பிடித்துவிட்டார்கள் என்று அர்த்தம். உங்களிடம் காட்டினேன்.

"லீவுல இருப்பாரு."

"அவங்க லீவு இப்படி எடுக்க மாட்டாங்க வாப்பா."

"அவரு இல்லன்னா நம்ம கடையே இல்ல. காசா கேக்குறாங்க? பேரத்தானே கேக்குறாங்க."

உம்மா தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் கிண்டல் செய்யாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஆங்கிலம் படித்துச் சொல்ல மறுநாள் என்னையும் கூட்டிப்போனீர்கள். டாக்ஸியில் சட்டைப் பையிலிருந்த எமிரேட்ஸ் ஐடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தீர்கள். பதிவு செய்யும் ஆபீஸில் மைத்துனர் எழுந்து வந்து உங்கள் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். காகிதம் வந்தது. பேனாவைத் திறந்து, "எங்கம்மா போடணும்?" என்றீர்கள். நான் முதல் வரியிலிருந்து ஒவ்வொரு சொல்லாகப் படிக்கத் தொடங்கினேன். வேகமாகப் படித்தால் கையெழுத்துப் போடும் இடம் வந்துவிடும்.

மைத்துனரின் போன் அடித்தது. கேட்டுக்கொண்டே எழுந்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை, கழுத்து மட்டும் சிவந்தது. ஒரு நிமிடம் என்று விரலைக் காட்டிவிட்டு வெளியே போனார். அவருடைய கறுப்புக் கண்ணாடி மேசை மேல் கிடந்தது. காப்பி ஆறிப்போனது. கவுண்டர் பெண் அடுத்த டோக்கனை அழைத்தாள். நீங்கள் திறந்த பேனாவோடு கதவையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மதியத் தொழுகைக்கான லுஹர் பாங்கு கேட்ட பிறகுதான் பேனாவை மூடினீர்கள். அவர் திரும்பி வரவேயில்லை.

மறுநாள் அறிவிப்பு வந்தது. துணை ஆளுநர் விசாரணையில் இருக்கிறார். தப்பித்தோம் என்று வீட்டில் யாரும் சந்தோஷப்படவில்லை.

கடையில் குரலைத் தாழ்த்தியவர்கள் இப்போது உள்ளே வருவதையே நிறுத்தினார்கள். நன்றாகப் பழகிய ஒரு ஏஜென்ட் மட்டும் வாசலில் நின்றபடி, "போட்டோ நோ குட், பாய். நிகாலோ" என்று படத்தைக் கழற்றச் சொன்னார். நீங்கள் அவருக்கு டீ சொன்னீர்கள். அவர் குடிக்காமல் போனார். சரக்கு குறைந்தது, அலமாரிகளில் இடம் தெரிந்தது. படம் அங்கேயே இருந்தது. உதவி செய்தவரை விழுந்த அன்றே இறக்குவது மனுஷத்தனமில்லை என்று சொல்லிவிட்டீர்கள்.

நீதிமன்றப் படம் வந்த நாளில் என் போனை வாங்கி நெடுநேரம் பார்த்தீர்கள். இரண்டு காவலர்களுக்கு நடுவில் ஒரு கிழவர். தலை முழுக்க வெள்ளை. "மருந்துக்குக்கூடக் கறுப்பு இல்லியேம்மா" என்று உங்கள் தலையைத் தடவிக்கொண்டீர்கள்.

தீர்ப்புச் செய்தியை நான் மெஷின் மொழிபெயர்ப்பில் படித்தேன். அவர் வாங்கிய லஞ்சங்களை வருட வரிசையில் போட்டிருந்தார்கள். நிலம், சுரங்கம், சாலை. எல்லாவற்றுக்கும் முதலில் ஒரு ஜிப் ஃபேக்டரி முதலாளி. போட்டி ஃபேக்டரியைப் பூட்ட வைப்பதற்காகக் கொடுத்தாராம். ஊரும் அதுதான், வருடமும் அதுதான்.

மதியம் ஷட்டரைப் பாதி இறக்கியதும் உங்களிடம் சொன்னேன். நீங்கள் ஸ்டூலில் ஏறிப் படத்தைக் கழற்றினீர்கள். சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, மூன்றாவதாக நின்றவர் மேல் விரலை வைத்தீர்கள்.

"நான் அங்க நிக்கும்போதே இவரு ஒரு பெட்டிய மேயர் கார்ல வச்சாரு. டீத்தூள்னு சொன்னாங்க."

"நம்பினீங்களா வாப்பா?"

"எனக்கு ஜிப் கெடச்சிருந்துச்சும்மா."

படத்தைக் கல்லா மேல் வைத்துவிட்டு, விலை சொல்லும் குரலில், "அன்னைக்கு அந்த போன் வரலன்னா கையெழுத்துப் போட்டிருப்பேன்" என்றீர்கள்.

அதன் பிறகு நீங்கள் சாயம் பூசவில்லை. தலையும் தாடியும் மாதக் கணக்கில் வெளுத்தன. உங்களை அடக்கம் செய்ய ஊருக்குக் கொண்டுபோன நாளில், நோய்தான் மனுஷனை இப்படி ஆக்கிவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். நான் திருத்தவில்லை.

படம் இப்போது என் மேசையில் இருக்கிறது. மேயரும் அந்த மூன்றாவது ஆளும் கேமராவைப் பார்க்கிறார்கள். நீங்கள் மட்டும் கையிலிருக்கும் ஜிப்பைப் பார்க்கிறீர்கள்.

உங்கள் பெயரில் இருந்த உம்மாவின் விசாவை என் பெயருக்கு மாற்ற, கையில் காகிதங்களோடு அலைந்துகொண்டிருந்தேன். என் சம்பளம் போதாது என்றார்கள். கெடு நெருங்கியது, உம்மா பெட்டி கட்டவே தொடங்கிவிட்டாள். அப்போது நம் கடைக்கு வந்துபோகும் ஒருவர் காகிதங்கள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போனார். சென்ற வாரம் விசாவை முடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். யாரைப் பார்த்தார், என்ன கொடுத்தார் என்று கேட்க வாய் வரை வந்தது.

கேட்கவில்லை. உம்மாவுக்கு விசா கிடைத்திருந்தது, வாப்பா.