ஒரே பாறைக்கு அடியில் இரண்டு பேர்

1897, ஐப்பசி 5, புதன்

விடியற்காலையிலிருந்து தூறல். தகரம் ஒழுகுகிறது. கீழே சட்டி வைத்தாயிற்று.

பக்கத்துத் தங்கச் சுரங்கக் குழியில் நேற்று பாறை சரிந்தது. பின் வரிசை வீட்டுச் சின்னப்பன், அவன் பிள்ளைகள் இரண்டு பேர். ஒரே ஷிப்ட்டு, பூமிக்கடியில் ஒரே லெவல். மூன்று பேரையும் ஒன்றாகத் தூக்கி வந்தார்கள். அந்த வீட்டில் ஆம்பளை என்று இனி தொட்டிலில் கிடப்பது ஒன்றுதான்.

இங்கே எல்லா வீட்டிலும் இதே பழக்கம், ஒரே வீட்டு ஆட்களே ஜோடி. வெடிக்குத் துளை போட ஒருத்தன் கம்பியைப் பாறையில் வைத்துப் பிடிப்பான், இன்னொருத்தன் சம்மட்டியால் அடிப்பான். மெழுகுவத்தி வெளிச்சம். பிடிக்கிற கைக்கும் சம்மட்டிக்கும் நடுவே நாலு விரல் இடம். அதனால் அந்நியனை அடிக்க விடுவதில்லை. என் பெரியவன் முனுசாமி பிடிப்பான், சின்னவன் கோவிந்தன் அடிப்பான். நானும் என் அண்ணனும் அப்படித்தான் இருந்தோம்.

கைக்குப் பயந்து தலையைக் கொடுக்கிறோம். நாள் முழுக்க இதே நினைப்பு. மூக்குப்பொடி தீர்ந்தது. வாங்க வேண்டும்.

6, வியாழன்

மழை இல்லை. குளிர். முழங்கால் வலி.

பத்துக் கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைத்தேன். ஒவ்வொன்றும் ஒரு லெவல். ஒன்றுக்குள் இரண்டு புளியங்கொட்டை, அதுதான் என் பிள்ளைகள். முனுசாமி பெண்சாதி அஞ்சலையைக் கூப்பிட்டேன்.

“இன்னா மாமா, உலை கொதிக்கிற நேரத்துல வெளயாட்டு?”

“சோறு கொழஞ்சா கொழயட்டும். உன் சோத்தைத் துன்னே பொழச்சி கீறேன், எனக்கு இன்னா பயம். திரும்பி நின்னு கரண்டியால ஒண்ணக் காட்டு. அதும்மேல பாறை வுழுந்துச்சின்னு வச்சிக்க.”

காட்டிக்கொண்டே இருந்தாள். கொட்டைகள் ஒன்றாக இருக்கும்போது எப்போதோ ஒரு தடவைதான் பட்டது, பட்டால் இரண்டும் போயிற்று. பிரித்து வைத்தேன். அடிக்கடி பட்டது, ஆனால் ஒவ்வொன்றாக. இரண்டும் போனதே இல்லை.

கெட்டிக்காரி. உடனே பிடித்துக்கொண்டாள். “தனித்தனியா வச்சா ரெண்டு மடங்கு வாட்டி இழவு வுழுதே மாமா?”

“வுழும். ஆனா சம்பாதிச்சிப் போட ஒருத்தன் மிச்சம் கீறான். ஒண்ணா வச்சா என்னிக்கோ ஒரு நாளு, அதோட வூட்ல அடுப்பு எரியாது.”

“உங்களுக்கு ரெண்டு கொட்டை. எனக்கு ஒண்ணுதான் மாமா.”

சோறு குழைந்துவிட்டது என்று திட்டிவிட்டு எழுந்தேன்.

பிள்ளைகளிடமும் சொன்னேன். கோவிந்தன்: “அண்ணன் மூச்சு வுடற சத்தத்த வச்சே அடிப்பேன் நைனா. வேற எவன் மூச்சு எனக்குத் தெரியும்?” முனுசாமி தன் கையைப் பார்த்துக்கொண்டான்.

8, சனி

மூக்குப்பொடி வாங்கியாயிற்று. மட்டமான சரக்கு.

மேஸ்திரியைப் போய்ப் பார்த்தேன். ஒரு பொய்.

“என் பசங்களுக்குள்ள பேச்சு இல்ல மேஸ்திரி. சின்னவன் சம்மட்டியப் பாத்துப் பல்லக் கடிக்கிறான். அப்பால உன் இஷ்டம்.”

“இன்னா பெரியவரே, நேத்துகூட சிரிச்சிகினு தானே போனானுங்க?”

“மேல சிரிச்சானுங்க. கீழ போயி நீ பாத்தியா?”

முகம் வெளுத்துவிட்டது. துரைக்கு யார் பதில் சொல்வது என்று முனகினான். குப்பம் ஊரிலிருந்து வந்த அண்ணன் தம்பி ஒரு ஜோடி இருக்கிறதாம். மாற்றிவிடுகிறானாம். வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன்.

10, திங்கள்

மாற்றிவிட்டான். முனுசாமி கீழ் லெவலில், குப்பத்து வெங்கடப்பனோடு. கோவிந்தன் மேல் லெவலில், வெங்கடப்பன் தம்பியோடு. யார் வேலை என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது. முனுசாமி என் பக்கம் திரும்புவதில்லை. நான் சொன்ன வேடிக்கைக்கு நானே சிரித்தேன்.

ஆனால் ராத்திரி நல்ல தூக்கம். பல நாளைக்குப் பிறகு.

13, வியாழன்

மழை.

முனுசாமிக்கு இடது கை. மூன்று விரல். ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

வெங்கடப்பன் வாசலில் மழையிலேயே நின்றான். “வத்தி அணைஞ்சி பூட்ச்சி சாமி. ஓங்கின கைய நிறுத்த முடியல.” உள்ளே வா என்றேன். வரவில்லை. நல்லவன்தான்.

அஞ்சலை அழவில்லை. கஞ்சி வைத்தாள். என் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டாள்: “கொட்டாங்குச்சியில இது இருந்திச்சா மாமா?”

இல்லை. பாறையை மட்டும் வைத்தேன். சம்மட்டியை வைக்கவில்லை.

வைத்திருந்தாலும் பிரித்துத்தான் விட்டிருப்பேன். இதை அவளிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்ல முடியாது.

14, வெள்ளி

தகரம் மூன்று இடத்தில் ஒழுகல்.

16, ஞாயிறு

குப்பத்து ஆட்கள் பழையபடி அண்ணனும் தம்பியுமாகச் சேர்ந்துகொண்டார்கள். குற்றம் சொல்ல முடியாது. கோவிந்தனுக்கு ஆள் இல்லை. கேட்ட இடத்தில் எல்லாம் கையை மடியில் மறைத்துக்கொள்கிறார்கள்.

மேஸ்திரி வந்தான். “ஜோடி இல்லாதவனுக்குக் கீழ எறக்குற கேஜுல எடம் இல்ல பெரியவரே.”

“நான் புடிக்கிறேன்.”

“உனுக்குக் கண்ணு மங்கலாச்சே?”

“கம்பி புடிக்கக் கண்ணு இன்னாத்துக்கு? மூடிக்கினா இன்னும் நல்லது.”

அவன் சிரித்துவிட்டான். பேரை எழுதிக்கொண்டான்.

பாயில் படுத்திருந்த முனுசாமி வாயைத் திறந்தான். ஒரு வாரத்துக்குப் பிறகு. “ஒரே பாறைக்கு அடியில ரெண்டு பேரு வேணாம்னு சொன்னது நீதானே நைனா?”

“சம்பாதிக்கிறவன் ரெண்டு பேரு வேணாம்னேன். நான் எதுலடா சேத்தி?”

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் கணக்கு அதுதான். என்னைக் கூட்டினாலும் கழித்தாலும் வீட்டுக்கு ஒன்றும் மாறாது.

17, திங்கள்

பனி. சங்கு ஊதப் போகிறது. கோவிந்தன் வாசலில் நிற்கிறான். என் தலைத் துணியில் களிமண் வைத்து மெழுகுவத்தியை அவனே செருகினான்.

அஞ்சலை எங்கள் இருவர் கேழ்வரகுக் களியையும் ஒரே துணியில் முடிந்தாள். அவிழ்த்து, புளியங்கொட்டையைப் பிரித்த மாதிரி இரண்டாகக் கட்டச் சொன்னேன். கட்டினாள்.