களையென்று பிடுங்கின மஞ்சப் பூ

என் பரமேசுக்கு,

நீ போய் ஒரு வருசம் ஆயிருச்சு. இந்த வீட்டில் என்னைத் திட்ட ஆளில்லை. திட்டு வாங்காத மனுசன் எவ்வளவு கெட்டுப்போவான் என்று சொல்லத்தான் இதை எழுதுறேன்.

நம்ம லயத்து வீட்டுக்குப் பின்னால் இருக்கிற உன் தோட்டத்தைச் சுத்தம் பண்ணினேன். தேயிலை மலையில் முப்பது வருசம் புல்லு வெட்டின கை, சும்மா இருக்குமா? முட்டைக்கோவாவுக்கு நடுவில் மஞ்சப் பூச்செடி, ஓரத்தில் பூத்துப்போன கொத்தமல்லி. எல்லாத்தையும் களையென்று பிடுங்கிப் போட்டேன். கோவா மட்டும் வரிசையாக நின்றது. மலையில் எங்க வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயாவே வந்து பார்த்தாலும் குறை சொல்லமாட்டார் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். இரண்டு கிழமையில் புழு வந்தது. இலையெல்லாம் சல்லடை.

அந்த நேரம் பார்த்துக் கொழும்பிலிருந்து நம்ம மகள் போன் பண்ணினாள். உன் திவசத்துக்கு உன் தோட்டத்துக் கோவாவைத்தான் படைக்கணும், கடையில் வாங்கக்கூடாது என்றாள். சரிம்மா என்றேன். வேறு என்ன சொல்ல?

திவசத்துக்கு முதல் நாள் ஹட்டனுக்கு பஸ் ஏறி, நல்ல உருண்டையாக ஒரு கோவா வாங்கி வந்தேன். வேரும் இருந்திருந்தால் மண்ணில் நட்டே வைத்திருப்பேன். கொஞ்சம் சேறு பூசி அடுப்படியில் வைத்தேன். மகள் வந்ததும் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது நம்ம தோட்டத்துதாப்பா?"

உன் படத்துக்கு முன்னால் பொய் வரவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

"அந்தப் பூ இருந்தா கோவாவுல பூச்சி அண்டாதுன்னு அம்மா சொல்லலையா?"

"சொல்லியிருப்பா. நான்தான் காதுல வாங்கல."

அவள் தோட்டத்துக்குப் போய், ஓட்டை விழுந்ததில் ஒன்றை அறுத்து, உப்புத் தண்ணியில் புழுவைக் கழுவி, தேங்காய்ப்பூ போட்டுச் சமைத்தாள். அதைத்தான் உனக்குப் படைத்தோம். உப்பு சரியா இருந்துச்சா?

நேற்று அவளும் ரயில் ஏறிவிட்டாள். போகும்போது ஒன்று சொன்னாள். கீழ் லயத்து லெட்சுமி அக்காவுக்கு நீ அந்தப் பூ விதையைக் கொடுத்திருக்கிறாயாம். எதுக்குப் பக்கத்தில் எதை நடணும் என்று எல்லாம் சொல்லியும் வைத்திருக்கிறாயாம். இத்தனை வருசம் ஒரே வீட்டில் உன்கூட இருந்துவிட்டு, நீ சொன்னதை இன்னொரு வீட்டு வாசலில் போய் நின்று கேட்கவேண்டியிருக்கு.

நாளைக் காலையில் கீழ் லயத்துக்குப் போறேன், பரமேசு. அவங்க சிரித்தாலும் பரவாயில்லை. இடையில் ஒரு வார்த்தை பேசாமல், கடைசிவரைக்கும் கேட்டுவிட்டு வர்றேன்.

உன் மகளுக்கு அப்பா,
மாரிமுத்து