மீனாவின் வலது முழங்கை

ஜூலை 5, சனி

காலையிலிருந்து மழை. கடைக்கு லீவு. மகள் மீனா கைப்பேசியில் காட்டும் ஜார்ஜியா நாட்டு ஜூடோ சாம்பியன் மாதிரி மெத்தைச் சுருளைத் தூக்கி எறியப் பார்த்தேன். மெத்தை அசையவில்லை. லுங்கி அவிழ்ந்தது. ஜன்னல் திறந்து கிடந்தது. எதிர்வீட்டுப் பர்மாக்காரம்மா டோ கின் பார்த்ததோடு விடாமல் தன் மகளையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

என் மனைவி அடுப்படியிலிருந்து: "சாம்பியன், மொதல்ல முடிச்சுப் போடுங்க."

ஜார்ஜியா அமெரிக்காவில் இருக்கிறது என்று இத்தனை நாள் கடையில் அளந்துகொண்டிருந்தேன். ரஷ்யாவுக்குக் கீழே தனி நாடாம். அந்தச் சாம்பியன் மலை ஊர்க்காரன். திருவிழா மல்யுத்தத்தில் ஆரம்பம். முதல் பெரிய போட்டியில் தோற்று, ஊருக்குப் போக வெட்கப்பட்டு மாமா வீட்டில் ஒளிந்திருந்தானாம். பிறகு உலகப் பட்டம். மீனாவுக்கு அவன் கதை முழுக்க மனப்பாடம்.

எனக்கு ஒரே ஒரு ஆட்டம்தான். எதிராளி கையைப் பூட்டிவிட்டான். பாயைத் தட்டினால் விட்டுவிடுவார்கள், ஆனால் தோல்வி. இவன் தட்டவில்லை. புரண்டு எழுந்து ஜெயித்தான். இருபது தடவை பார்த்திருப்பேன்.

நாளை மீனாவுக்குத் தேர்வுப் போட்டி. நன்றாக ஆடினால் பாங்காக் போகும் அணியில் இடம் என்று அவளுடைய பயிற்சியாளர் சயா சொல்லியிருக்கிறார்.

ஜூலை 6, ஞாயிறு

இன்சீனிலிருந்து ரயில். நனைந்தோம். முதல் இரண்டு ஆட்டம் ஜெயம். மூன்றாவது, ஷ்வேப்யிதா ஊர்ப் பெண். மீனாவின் வலது கை மாட்டிக்கொண்டது. தட்டுவதற்கு இடது கையைத் தூக்கினாள்.

எழுந்து நின்று கத்தினேன். "தட்டாதே மீனா! தட்டாதே!"

அரங்கத்தில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டே பேர். தூக்கிய கை இறங்கிவிட்டது.

ஒரு சத்தம். அதை எழுத மாட்டேன்.

ஆஸ்பத்திரி. மூட்டு நழுவல். ஆறு வாரம் கட்டு. சயா அவளிடம்: "ஏன் தட்டல?"

"தப்பிச்சிடலாம்னு நெனச்சேன், சயா."

மீனா என் பக்கம் திரும்பவே இல்லை. நான் வெளியே போய் டீ குடித்தேன். இரண்டு டீ.

ஜூலை 8, செவ்வாய்

கடைக்கு வந்த நண்பன் அந்தோணி: "ஒன் மக சிங்கம்பா! கை போனாலும் தட்டலயாமே!" பல்லைக் காட்டினேன். வேறு என்ன தெரியும் எனக்கு.

ராத்திரி மீனாவுக்குச் சாப்பாடு நான்தான் ஊட்டினேன்.

"அந்தச் சாம்பியன் மட்டும் எப்படிம்மா தட்டாம இருந்தான்?"

"அன்னைக்கு அவருக்குக் கை முழுசா மாட்டலப்பா. பிராக்டிஸ்ல தெனமும் தட்டுவாராம். ஊர்ல அவருக்கு மொதல்ல கத்துக்குடுத்ததே அதானாம்."

"எனக்குச் சொல்லவே இல்லையே."

"நீங்க அந்த ஒரு வீடியோதானே கேப்பீங்க. கொழம்பு ஊத்துங்க."

ஜூலை 10, வியாழன்

மழை. சயா வந்தார், ஆரஞ்சுப் பழத்தோடு. மீனாவிடம் மெதுவாகத்தான் சொன்னார்: "கை சரியானாலும் அணியில சேர்க்க முடியாதும்மா. தட்டத் தெரியாத பிள்ளையப் பாயில எறக்க எனக்குப் பயமா இருக்கு."

"சரி, சயா," என்றாள் மீனா.

குடை பிடித்துக்கொண்டு வாசல் வரை போனேன். சயா நின்று, பர்மிய மரியாதையோடு கூப்பிட்டார்.

"ஊ மணி, அன்னைக்கு எழுந்து என்னமோ கத்தினீங்களே, என்ன அது?"

"பாத்து ஆடும்மான்னு சொன்னேன், சயா."

தலையாட்டிவிட்டுப் போனார். திரும்பினால் படியில் மீனா, கட்டுப் போட்ட கையோடு. எல்லாம் கேட்டிருக்கிறாள். உள்ளே போய்விட்டாள்.

சயா தெருமுனை திரும்பும் வரை நான் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்: அவளுக்குத் தட்டத் தெரியும், சயா. கையைத் தூக்கினாள். இறக்க வைத்தது நான்.