வாசற்படியோரம் உன் மண்

ஹெஷ்வான் மாதம், ஏழு நாள் துக்கம் காத்து எழுந்த மறுநாள்.

என் அன்பு மகன் லெமெலுக்கு அம்மா ஹென்யா எழுதிக்கொள்வது. நீ நலமாய் இருக்க வேண்டும், உன் காய்ச்சல் இறங்கியிருக்க வேண்டும், உறங்காமல் காக்கிறவர் உன்னைத் தம் கைக்குள் வைத்திருக்க வேண்டும். இங்கே நானும் உன் தங்கை ஸ்லாதாவும் உயிரோடு இருக்கிறோம். இந்த இடத்தில் எப்போதும் மூன்று பேரை எழுதுவேன், இந்த முறை இரண்டு பேரைத்தான் எழுதியிருக்கிறேன், அதை நீ கவனித்திருப்பாய். உட்கார்ந்துகொள் கண்ணே. மகன் கிழிக்க வேண்டிய முறைப்படி உன் சட்டையை நெஞ்சுப் பக்கம் கிழித்துக்கொண்டு பிறகு மேலே படி. உன் அப்பா போய்விட்டார். நோயில் படுத்துப் போகவில்லை, அடித்துக் கொன்றார்கள்.

உன் கடிதம் கூடாரப் பண்டிகை முடிந்ததும் வந்து சேர்ந்தது. புனித பூமியில் ஆரஞ்சுத் தோட்டத்தில் காய்ச்சலில் கிடக்கிறேன், முதலாளி நம் யூதர்தான் என்றாலும் கூலி வயிற்றுக்குப் போதவில்லை, அப்பா சொன்னதுதான் சரி, வசந்தத்தில் யாஃபாவில் கப்பல் ஏறி வீட்டுக்கே வந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். நீ போன நாளிலிருந்து உன் பெயரை வாயால் சொல்லாத மனிதர் அதை வாங்கித் தானே ஒருமுறை வாசித்தார். பாத்தியாடி, மேசியா வர்றதுக்கு முன்னாடியே வண்டி கட்டிக்கிட்டுப் போனவன் கொசுகிட்டக் கடி வாங்கிக்கிட்டு வருவான்னு நான் சொல்லல என்றார். ஜெபக்கூடத்தில் கேட்டவர் கேளாதவர் எல்லாரிடமும் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் நீலத் துணியை எடுத்து உனக்குத் தொப்பி வெட்ட உட்கார்ந்துவிட்டார். உன் தலை அளவு தெரியுமா, வளர்ந்திருப்பானே என்றேன். ஊர்ல இருக்கிற அத்தனை தலையும் எனக்குத் தெரியும், பெத்த மகன் தலை தெரியாதா என்றார்.

நீயும் அவரும் இந்த மேசையில் போட்ட சண்டையெல்லாம் நினைவுக்கு வருகிறது. மூணு வேளையும் எருசலேம் பக்கம் திரும்பி நின்னு கேக்கிறோம், கொடுக்கிறவர் கொடுக்கிற நாள்ல கொடுப்பார், ராஜா வீட்டு விருந்துக்குக் கதவ ஒடச்சிக்கிட்டா போவாங்க என்பார். நாங்க விருந்துக்குப் போகலப்பா, நம்ம கூரை எரியுதுன்னு ஓடறோம், எல்லாருக்கும் ஒரு நாடு இருக்கு, நமக்கு மட்டும் அடுத்தவன் வீட்டு மூலைதானா என்பாய் நீ. ஸ்லாதா உங்கள் இருவரையும் பார்த்துச் சிரிப்பாள், பிறந்த ஊரைத் திருத்தாமல் மேசியாவுக்கும் மணலுக்கும் அலைகிறீர்களே என்று. நான் அப்பா பக்கம்தான் இருந்தேன், சூப்பு ஆறுகிறது என்று சண்டையை முடித்துவைப்பேன்.

ஜார் மன்னர் குடிமக்களுக்கு உரிமை தந்துவிட்டார் என்று புதன்கிழமை சந்தைத் திடலில் இளசுகள் சிவப்புக் கொடி பிடித்துப் பாடினார்கள், ஸ்லாதாவும் போனாள். மறுநாள் காலை வேறு ஊர்வலம் வந்தது. முன்னால் மன்னரின் படம், தேவாலயக் கொடி, நடுவில் கோடாலியும் கடப்பாரையும், கடைசியில் அக்கம்பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் காலி வண்டிகளை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். கோடாலியைவிட அந்தக் காலி வண்டிகளைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது, நம் வீட்டுச் சாமான்களை ஏற்றிப்போக வந்திருக்கிறார்கள் என்று.

பக்கத்து வீட்டுச் சலவைக்காரி பரஸ்கா தன் சாமி படத்தை சால்வைக்குள் மறைத்து எடுத்துவந்தாள். ஜன்னல்ல இத வையுங்கம்மா, நம்ம ஆளுகன்னு நெனச்சிக்கிட்டு போயிருவானுக என்றாள். நான் கையை நீட்டிவிட்டேன் லெமெல், பொய் சொல்ல மாட்டேன். உன் அப்பாதான் தடுத்தார். பரஸ்கா, உன் நல்ல மனசுக்கு நீ நூறு வருஷம் இருக்கணும், ஆனா அவர் உன் வீட்டு ஜன்னல்லயே இருக்கட்டும், என் வீட்ல நான் இருக்கேன் என்றார். நீங்களும் வந்து ஒளிந்துகொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். போடி, என் கையால தொப்பி வாங்காதவன் இங்க எவன் இருக்கான், முகத்தப் பார்த்தா வெக்கப்பட்டுத் திரும்பிடுவான் என்றார். பரஸ்கா என்னை இழுத்துக்கொண்டு போய்த் தன் விறகுக் கொட்டகையில் அடைத்தாள். பலகை இடுக்கில் நம் வாசல் தெரிந்தது.

தெரு முழுக்கத் தலையணைப் பஞ்சு பனி மாதிரிப் பறந்தது. எதிர்வீட்டுக் கண்ணாடிக்காரர் மனைவியைக் கூந்தலைப் பிடித்து இழுத்துவந்து கிணற்றுக் கல்லில் மோதினார்கள், அவள் சத்தம் பாதியில் நின்றது. காவலுக்கென்று நம் பிள்ளைகள் இரும்புக் கம்பிகளோடு தெருமுனையில் நின்றார்கள், ஸ்லாதாவும் அவர்களோடு நின்றாள். சிப்பாய்கள் வந்தபோது அப்பாடா என்று இருந்தது. சிப்பாய்கள் சுட்டார்கள், கோடாலிக்காரர்களை அல்ல, நம் பிள்ளைகளை. ஸ்லாதாவின் இடக்கையில் குதிரைச் சிப்பாயின் வாள் இறங்கி இரண்டு விரல்கள் போயின.

நம் வாசலுக்கு வந்தவர்களில் முதல் ஆள் வண்டிக்காரன் திமோஷ்கா. அவன் தலையில் இருந்தது உன் அப்பா தைத்த தொப்பி. அப்பா கதவைத் திறந்து தையல் உறையான அங்குஸ்தான் மாட்டிய விரலோடு அவன் எதிரில் நின்றார். அட திமோஷ்கா, நீயாப்பா, தொப்பி இன்னும் நல்லாத்தான் இருக்கு, பையனுக்கு ஒண்ணு வேணும்னியே, ஒரு தொப்பிக்கு அளவு கொடுக்க இத்தனை பேரையா கூட்டிக்கிட்டு வருவ என்று கேலி பேசினார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அவன் முகம் சிவந்ததை நான் பார்த்தேன். வெட்கப்படுவான் என்று அப்பா சொன்னது சரிதான், வெட்கப்பட்டவன் திரும்பிப் போவான் என்று நினைத்ததுதான் பிசகு. கடப்பாரையால் முதல் அடியை அவன்தான் அடித்தான். அப்பா உள்ளே விழுந்தார், மற்றவர்கள் அவரை மிதித்துக்கொண்டே உள்ளே போனார்கள். சிரித்துக்கொண்டே போனார்கள்.

சாலையில் கலவரம் அடங்காததால் ஞாயிறு வரை அடக்கம் செய்ய முடியவில்லை, அப்பாவைத் தையல் மேசையில் கிடத்தித் துணி போர்த்தினோம். வெள்ளிக்கிழமை பொழுது சாயப் போகிறதே, ராணி மாதிரி வரவேற்கிற ஓய்வுநாள் இந்த வீட்டுக்குள் எப்படி நுழையும் என்று உன் தங்கை ஒற்றைக் கையால் தரைப் பலகை ரத்தத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். கடவுளே இல்லை என்று பேசித் திரிந்த பெண், நான் சொல்லாமலே கழுவினாள், நான் நெகிழ்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிறு காலை அடக்கச் சங்கத்துப் பெரியவர் ரெப் நோஸன் வந்து, கொலையுண்டவரைக் குளிப்பாட்டக் கூடாது, ரத்தம் ஊறின உடுப்போடயே போகணும், சிந்தின ரத்தமும் அவரோடயே போகணும், எங்கம்மா அது என்று கேட்டார். ஸ்லாதா தரையைப் பார்த்தாள். பளபளவென்று இருந்தது. கழுவிட்டேன் மாமா என்று சொல்லிவிட்டு அப்போதுதான் முதல்முறையாக அழுதாள்.

நோஸன் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து தாடியை உருவினார். பிறகு, தண்ணிய எங்கம்மா ஊத்துன என்றார். வாசற்படியோரம் என்றாள். கிழவர் தானே மண்வெட்டி எடுத்து, ஈரம் ஓய்ந்து காய்ந்த மண் தெரியும்வரை வெட்டிச் சாக்கில் அள்ளினார். கல்மன், உன்னத் தூக்கறதுக்கு ஒரு வண்டி போதாது போலிருக்கே என்று உன் அப்பாவிடமே பேசிக்கொண்டு அள்ளினார். அப்பா விரலில் இருந்த அங்குஸ்தானைக்கூடக் கழற்றவில்லை, அதிலும் ரத்தம் இருந்தது.

குழியருகே, புனித பூமி மண் இருக்கிறதா, தலைக்கடியில் வைக்கலாம் என்று நோஸன் கேட்டார். நீ முன்பு அங்கிருந்து அனுப்பிய மண் பையை ஸ்லாதா எடுத்து நீட்டினாள். நான் வேண்டாம் என்றேன். ஓய்வுநாளில் கலப்பை பிடிக்கிறவர்கள் தொட்ட மண் என் தலைக்கடியில் வரக் கூடாது என்று அப்பா சொன்னது உனக்கும் தெரியும். செத்தவர் சொல்லை யார் மாற்றுவது.

இப்போது உன் விஷயம். ஸ்லாதா, அண்ணன வரச் சொல்லி எழுதும்மா, இங்க துப்பாக்கி பிடிக்க ஆள் இல்ல என்கிறாள். இறந்தவருக்காகக் கத்தீஷ் துதி சொல்ல ஒரே மகன் நீ. எனக்கும் உன்னைப் பார்க்கக் கண் பூத்துப்போயிருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன், வராதே. நமக்கென்று நாடு வேண்டும் என்கிற உங்கள் மாநாட்டுப் பேச்சு எனக்கு இன்றுவரை புரியவில்லை, மேசியாவுக்காக நான் காத்துக்கொண்டுதான் இருப்பேன், காத்திருக்கும்போது நீ அடிபடாத இடத்தில் இரு, அவ்வளவுதான். கத்தீஷை அங்கேயே பத்துப் பேர் கூடுகிற இடத்தில் சொல். இன்னொன்று. ஆடு ஓட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் வந்த அரபுக்காரனைத் தடியால் அடித்துத் துரத்தினோம், அவன் விழுந்தடித்து ஓடியதைப் பார்த்துச் சிரித்தோம், இனி நம்மைக் கோழை என்று எவன் சொல்வான் என்று கோடையில் எழுதியிருந்தாய். அன்று நானும் பூரித்துப்போனேன். பலகை இடுக்கில் நின்று பார்த்தவளாக இன்று சொல்கிறேன், தடியை எறியச் சொல்லவில்லை, அடிக்க வருகிறவனைத் தடு. ஓடுகிறவனைப் பார்த்துச் சிரிக்காதே.

கடிதக் கடைசியில் எப்போதும் எழுதும் வீட்டுக் கணக்கு இந்த முறை இல்லை. அப்பா விட்ட இடத்திலிருந்து உன் தொப்பியை நான் தைத்து முடித்து இதோடு அனுப்புகிறேன், என் தையல் கோணலாகத் தெரியும், அவருடையது தெரியாது. காய்ச்சல் மருந்து கொய்னாவை வேளை தவறாமல் விழுங்கு. ஆபிரகாமின் தேவன் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

நோஸன் வெட்டிய பள்ளம் வாசலில் அப்படியே கிடந்து வருகிறவர்கள் காலை இடறிக்கொண்டிருந்தது. இடிந்த அடுப்புச் செங்கலைப் போட்டு நிரப்பினேன். மேலே போட மண் போதவில்லை. உன் பையை அவிழ்த்துக் கொட்டினேன். எவ்வளவு வெட்டினாலும் அப்பாவின் ரத்தம் ஒரு துளியாவது அடியில் நின்றிருக்கும் என்று நோஸனே சொன்னார். தலைக்கடியில் வைக்கவில்லை, சொல்லைக் காத்துவிட்டேன். மேலேதான் போட்டேன், அதற்கு அப்பா ஒன்றும் சொல்லிவைக்கவில்லை. காலால் மிதித்துச் சமனாக்கியும் விட்டேன். அதைப் பார்க்க நீ வர வேண்டாம்.

உன்னைப் பெற்றவள்,
கல்மன் மனைவி ஹென்யா.